கிணற்றடிப் பாட்டு

இதுவரை வந்த டாக்கிப் படங்களில் எது உசத்தி? இந்தக் கேள்வியால் போன வாரம் என் குடும்ப மானம் கப்பலேற இருந்தது!

எங்கள் குளத்தூர் வீட்டுக்கு ஞாயிறு காலையில் டிராயிங் மாஸ்டர் சுப்பையா வருவார். காபி உள்ளே போனதும் சினிமா வெளியே வரும். காட்டில் கணவனைத் தேடி அலையும் ராணியின் கதைதான் அவர் கட்சி. (பெயர் வேண்டாம். எதற்கு வம்பு?) எனக்கு வேறொரு படம். தொண்டை கட்டும்வரை கத்துவோம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காபி கொண்டுவந்த என் மனைவி சிவகாமி, "எட்டுப் பாட்டும் அழுகைப் பாட்டு... அது எப்படிண்ணே ஒசத்தி?" என்று கேட்டுவிட்டாள்.

"தங்கச்சி, படம் பாத்திருக்கீங்களா?"

"பாட்டுப் புஸ்தகம் படிச்சிருக்கேன்."

மாஸ்டர் இடிச்சிரிப்புச் சிரித்தார். "பாக்காதவங்க பேசக் கூடாது தங்கச்சி!"

வெட்கக்கேடு, நானும் கூடச் சிரித்தேன்.

அவள் அழவில்லை. "அந்தப் படத்தப் பாத்தே தீருவேன்" என்றாள். அவள் அதிர்ஷ்டம், அதே வாரம் புதுக்கோட்டைக் கொட்டகைக்கு அந்தப் படம் மறுபடி வந்தது. பகல் ஆட்டத்துக்குக் கிளம்பினோம். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ் அல்லவா? பாதி வழியில் புகைந்து, இருமி, நின்றேவிட்டது.

"திரும்பிருவமா?" என்றேன்.

"நீங்க வேணா அங்கிட்டுப் போங்க. நான் இங்கிட்டு நடக்குறேன்."

நடந்தாள்! என்ன செய்ய? பின்னாலேயே போனேன். இரண்டு மைல் தாண்டி ஒரு கடலை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். நடந்த களைப்பில் கொட்டகையில் உட்கார்ந்ததுமே நான் தூங்கிவிட்டேன். பெண்கள் பக்கம் இருந்த அவளோ கண் இமைக்கவில்லையாம்.

போன ஞாயிறு மாஸ்டர் வழக்கம்போல் ஆரம்பித்தார். "அந்தக் கெணத்தடிப் பாட்டு ஒண்ணு போதுமய்யா! ராணி கயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வழியப் பாடுறா பாருங்க... இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது!"

சிவகாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, படத்துல அந்தப் பாட்டே இல்ல. கெணறும் இல்ல. பாட்டுப் புஸ்தகத்துலதான் இருக்கு."

யுத்தத்தால் பிலிம் பஞ்சம். பாட்டுப் புத்தகம் அச்சான பிறகு படத்தை வெட்டுகிறார்கள். பாவம், மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க ஹெட்மாஸ்டருக்கு சினிமான்னாலே ஆகாது... கொட்டகை வாசல்ல என்னையப் பாத்தா வேலை போயிரும். அதான் புஸ்தகத்த மட்டும்..." முணுமுணுத்தபடி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கும் சுருக்கென்றது. இத்தனை நாள் அந்தப் படத்தைக் கிழி கிழி என்று கிழித்த நான் மட்டும் பார்த்தேனா? பாராத படத்துக்குத்தான் நம்மில் பலர் அதிகச் சத்தம் போடுகிறோம் போலிருக்கிறது.

இவள் விடுவாளா, மாஸ்டர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"உக்காருங்கண்ணே. பாக்காதவங்க பேசக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு குடையைக் கீழே வைத்தார்.

"சரி தங்கச்சி... அப்ப எதுதான் ஒசத்தி? நீங்க சொல்லுங்க."

அவள் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது காபியை நான்தான் போட்டேன். காபி படு கேவலம் — ஆனால் இருவருமே அதைக் கவனிக்கவில்லை!