கொளஞ்சி தூக்காத மூட்டை

ரேஷன் கடையை மறுபடியும் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே கொளஞ்சிக்குக் கை கொடுத்தது. அவரும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தார். வீட்டுக்குள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். களைப்பு போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள் மனைவி செந்தமிழ்ச்செல்வி.

கொளஞ்சிக்குச் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். குத்தகை நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு, மழை ஏமாற்றினால் விதைக்குப் போட்டதுகூடத் திரும்பாத குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டு ஊரான புதுச்சேரிக்கே வந்து, ரேஷன் கடையில் எடையாளராகச் சேர்ந்தார். ஐம்பது கிலோ மூட்டையை முழங்காலில் ஏந்தி ஒரே எம்பில் மேடைமேல் வைப்பார். மேடைமேல்தான் தராசு. அவர் போட்ட அரிசியை யாரும் வீட்டில் மறுபடி எடை போட்டுப் பார்த்ததில்லை.

பிறகு, அரிசிக்குப் பதிலாகப் பணத்தையே வங்கிக் கணக்கில் போடுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. பிடித்த அரிசியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கணக்கில் விழுந்த பணம் அரிசியாவதற்குள் கேஸ், மாத்திரை, பள்ளிக்கூட நோட்டு என்று கரைந்துவிடும். கடையரிசி விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ரேஷன் கடைகளைப் பூட்டினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வேலை போகவும் இல்லை, சம்பளம் வரவும் இல்லை.

கொளஞ்சி கொஞ்ச நாள் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார். அப்புறம் உப்பளம் பகுதியில் ஒரு பார்சல் குடோனில் சேர்ந்தார். அங்கே மூன்றாவது வருஷம், வாஷிங் மெஷின் பெட்டி ஒன்றை மாடிப்படியில் ஏற்றும்போது இடுப்பில் பளீரென்று வலித்தது. டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இனிமேல் பத்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். வீட்டில் வெறும் பிடிப்பு என்று சொல்லி ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். குடோன் முதலாளி ஜாகிர் ஈரமுள்ள மனுஷர். கொளஞ்சியை அனுப்பிவிடாமல், வருகிற பார்சல்களை மெஷின் வைத்து ஸ்கேன் செய்கிற வேலையில் உட்கார வைத்தார். சிக்னல் எங்கே கிடைக்கும், பேப்பர் ரோல் எப்படி மாட்டுவது, மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது எல்லாம் கொளஞ்சிக்கு அத்துப்படி ஆயிற்று.

இப்படி நாலு வருஷம் போன பிறகுதான் கடை திறக்கிற செய்தி வந்தது. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. மகள் தேவிப்பிரியா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்க முடியாத எடையாளரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? யாரிடமும் சொல்லாமல் எப்படியாவது தூக்கிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடை திறந்தது. லாரி ஆட்கள் மூட்டைகளை உள்ளே அடுக்கிவிட்டுப் போனார்கள். காலை ஒன்பது மணிக்கே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முதல் ஆளாகக் கனீஸ் பாத்திமாக்கா, அவருக்குப் பின்னால் நான். வாசலில் மேஜை போட்டு, கைரேகை வைக்கிற புது மெஷினோடு விற்பனையாளர் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். கடை பூட்டியிருந்த வருஷங்களில் தவணைக்குப் புடவை விற்றுப் பிழைத்தவள். வாய் ஓயாமல் பேசுகிற அவள் அன்றைக்கு மெஷினையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்திமாக்கா விரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. அஞ்சலாட்சி வேறு விரலை வைக்கச் சொன்னாள். அதையும் ஏற்கவில்லை. அப்புறம் திரையே இருண்டுபோனது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அஞ்சலாட்சியின் ரவிக்கை வியர்வையில் நனைந்துவிட்டது. உள்ளே மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கொளஞ்சிக்கு, உள்ளபடி சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. மெஷின் ஓடாதவரைக்கும் அவர் மூட்டையைத் தொட வேண்டியதில்லை.

அரைமணி நேரம் போனது. அஞ்சலாட்சி எழுந்து உள்ளே போய், அவர் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, மூணு நாள் ட்ரெய்னிங்ல ஒக்காந்தேன். ஒண்ணுமே மண்டையில ஏறல. தெரியுது தெரியுதுன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். இப்ப என்னா பண்றதுன்னே தெரியல."

கொளஞ்சி வெளியே வந்து மெஷினைக் கையில் எடுத்தார். குடோனில் இருந்ததற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. அணைத்து மறுபடி போட்டார். சிக்னல் கிடைக்கிற மாதிரி மேஜையை வாசற்படிக்கு வெளியே இழுக்கச் சொன்னார். பாத்திமாக்காவின் விரலை ஈரத் துணியால் துடைத்து வைக்கச் சொன்னார். மெஷின் கீச்சென்று ஒலித்து ரசீதை வெளியே தள்ளியது. வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

இனி அரிசி போட வேண்டும். அஞ்சலாட்சி அவரையே பார்த்தாள். கொளஞ்சி மூட்டையைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. டிஸ்க் நவுந்துபோச்சி. என்னால மூட்டை தூக்க முடியாது. வீட்ல கூடத் தெரியாது."

அஞ்சலாட்சி மேடையைக் கையால் ஒரு தட்டு தட்டினாள். பிறகு, "எதுக்குண்ணே தூக்கணும்? தராசக் கீழ எறக்கிட்டா ஆவாதா?" என்றாள்.

இருபது வருஷமாக மேடை இருந்ததால் மூட்டை மேடைக்கு ஏறியது. தராசு மூட்டைக்கு இறங்கி வரலாம் என்று அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேர் தராசை இறக்கித் தரையில் வைத்தார்கள். அஞ்சலாட்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டை இருந்த இடத்திலேயே வாயைப் பிரித்து முறத்தால் அள்ளிப் போட்டாள். கொளஞ்சி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"என்னா, ஆள் மாறி ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார் பாத்திமாக்கா.

"வரிசை நவுருதாக்கா?"

"நவுருது."

"அப்ப சரிதான்."

மதியம் ஒரு அதிகாரி வந்தார். யார் என்ன வேலைக்கு என்று பதிவேட்டில் இருக்கிறது, நீங்கள் மாற்றிச் செய்கிறீர்களே என்று அவர் கேட்டார். எழுந்து நின்று முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டார் கொளஞ்சி. மூட்டையிலிருந்து அரிசி அள்ளுகிறது தனக்குப் பழகிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அஞ்சலாட்சி. அதிகாரி நகர்கிற வரிசையை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை கார்டு முடிந்தது என்று கேட்டார். நூற்றுப்பன்னிரண்டு. மற்ற கடைகளில் ஐம்பதைத் தாண்டவில்லையாம். எடை சரியாக இருந்தால் போதும் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொளஞ்சி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். செந்தமிழ்ச்செல்விக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நாலு வருசமா எங்கிட்ட மறைச்சிட்டு, அந்தம்மாகிட்ட நாலு நிமிசத்துல சொல்லிட்டீங்க" என்றாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புதிதாகப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் தேவைப்படாது, பயிற்சி செய்தால் போதும், தூக்குவதில் மட்டும் கவனமாக இருங்கள் என்றார். கொளஞ்சி அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவருக்குப் பசித்தது. பஸ் ஏறுவதற்கு முன்னால் இருவரும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். மூன்று பரோட்டா சாப்பிட்டு முடித்து, இன்னும் இரண்டு சொல்லட்டுமா என்று கொளஞ்சி கேட்டார். சொல்லுங்கள் என்றாள் அவள்.