பின்லாந்துக்கு எழுதிய சாவு

வேலூரில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்தபோது, பின்லாந்தில் அதே படிப்பு படிக்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து இணையம் வழியாக ஒரு பாடம் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் நானும் என் அறைத்தோழியும். வாரம் ஒருமுறை கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுவோம். மற்ற நாட்களில் நாலு பேருக்கும் பொதுவான ஓர் இணையப் பக்கத்தில் எழுதிப் போடுவோம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். எங்களுக்குக் கொடுத்த நோயாளி கற்பனையானவள். நடுத்தர வயது, புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டிலேயே சாக விரும்புகிறாள். அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு நாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு திட்டம் எழுத வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஆம்பூரில் என் அம்மா அப்படித்தான் படுத்திருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். வயிற்றில் கட்டி. இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோழிக்குத் தெரியும். பின்லாந்துக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை. அந்தப் பக்கத்தில் அதை எழுத இடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது அம்மாவுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்பா, சித்தி, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா எல்லோரும் அறையில் இருந்தார்கள். யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"நீதான நர்சு. பாத்து சொல்லும்மா," என்றாள் சித்தி.

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, வார்டில் சொல்வது போலவே நேரத்தைச் சத்தமாகச் சொன்னேன். அதற்கப்புறம்தான் சித்தி அலறினாள். நான் டார்ச்சை அணைத்து அலமாரியில் வைத்தேன். தாடையைக் கட்டியதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும் நான்தான். எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா டீ கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"அழுதுடு கண்ணு. உள்ளயே வச்சிக்காத."

சரி என்றேன். டீயைக் குடித்தேன்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அப்பா, "நீ கெளம்பு. இங்க ஒக்காந்து இன்னா பண்ணப் போற?" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் பின்லாந்துப் பெண்களில் மூத்தவள் ஒரு கேள்வி போட்டிருந்தாள். உங்கள் ஊரில் கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள், உயிர் போனதும் என்னென்ன செய்வார்கள்?

பதில் டைப் அடிக்க ஆரம்பித்தேன். தோழி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், இத நீ ஏன்டி எழுதற? நகரு, நான் எழுதறேன்."

"உனக்குத் தெரியாது," என்றேன்.

பஞ்சால் உதட்டை நனைப்பது, பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பது, தாடைக்கட்டு, விரல்கட்டு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்து ஒரு எழுத்துப்பிழையையும் திருத்தினேன்.

அடுத்த முறை பேசியபோது அந்த மூத்தவள் மிகத் தெளிவாக எழுதியிருப்பதாகப் பாராட்டினாள். "இதை நேரில் பார்த்திருக்கிறாயா?" என்றாள்.

"போன வாரம். என் அம்மா."

திரையில் அவள் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்துத் தோழி ஒயரை ஆட்டினாள். நெட் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவள், "உயிர் போய்விட்டதென்று பார்த்துச் சொன்னது யார்?" என்று கேட்டாள்.

"நான்தான். அங்கே நர்ஸ் நான் ஒருத்திதானே."

அவள் மெதுவாகப் பேசினாள், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. அவளுடைய அப்பா போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். இவள் நாடி பார்க்கக் கையை நீட்டியபோது, அங்கிருந்த நர்ஸ் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, 'அது என் வேலை, நீ அவர் கையைப் பிடித்துக்கொள்' என்றாராம். "உனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது," என்றாள். நன்றி என்றேன்.

அந்த வாரமே எங்கள் திட்டத்தில் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். குடும்பத்தில் நர்சிங்கோ மருத்துவமோ படித்தவர் இருந்தால் கடைசி நேர வேலைகளை அவரிடம் கொடுக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒரு நர்ஸ் வர வேண்டும் என்று. எங்கள் மேடம் அதற்கு அடியில் கோடு போட்டு, "இது எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீங்க?" என்றார்.

"பேசினதுல வந்தது மேடம்," என்றாள் தோழி. நல்ல மார்க் கிடைத்தது. மருந்தின் அளவைப் படிப்பது போல நானும் அந்த வரியைப் படித்தேன்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "ஃபாரின் பசங்களோட கம்ப்யூட்டர்ல படிக்கிறன்னியே, இன்னா அது?" என்றார்.

"சாவப்போறவங்கள வீட்ல வச்சி எப்டிப் பாத்துக்கறதுன்னு."

மென்றுகொண்டே யோசித்தார். "அங்கயும் வீட்லதான் வச்சிப்பாங்களா?"

"நெறைய பேரு ஆஸ்பத்திரியிலதான் போறாங்களாம்."

"அப்போ உங்கம்மா குடுத்து வச்சவதான்," என்றார். "பொண்ணு கையால எல்லாம் ஆச்சு."

ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார். ஊற்றினேன்.