மடித்த பக்கத்துக்கு அபராதம்

பதினோராம் வகுப்பு இலக்கிய டீச்சர் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாராம். அது போதாதென்று, நாற்பத்தொரு வீட்டு ரகசியத்தையும் நாற்பத்தொரு நோட்டில் எழுதி வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாராம். இந்தச் செய்தி கிடைத்த இடம் முடிதிருத்தும் கடை. முடிதிருத்துபவருக்குச் சொன்னவர் ஜெராக்ஸ் கடை அக்கா. அக்காவுக்கு, சுவருக்கு வெள்ளை வாங்கப் போன பெயிண்ட் கடையில் கிடைத்திருக்கிறது. பின்னோக்கிப் போகப் போக நோட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பெயிண்ட் கடையில் விசாரித்தால் மொத்தமே ஒரு நோட்டுதான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மூடவும் வேண்டாம்; சொன்னதில் எவ்வளவு தேறும் என்று பார்த்தால் போதும். பார்த்ததில் பாதி தேறியது. நோட்டுகள் உண்டு. பீரோவும் உண்டு. ஆனால் அதன் பூட்டு கெட்டு மூன்று வருஷமாகிறது. கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்திருக்கிறார்கள். இந்த ஊரின் ரகசியங்கள் அத்தனைக்கும் காவல் அந்த அட்டைதான்.

டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. யார் என்ன பதில் சொன்னாலும் அடுத்து அவர் வாயிலிருந்து வருவது ‘ஏன்?’ என்பதுதான். வருகைப்பதிவின்போது ஒருத்தன் ‘உள்ளேன்’ என்றதற்கும் அப்படிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அது மட்டும் பொய், அவரே மறுத்தார்.

பாடப்புத்தகத்தில் ஒரு கதை. மகனைக் காப்பாற்ற ஒரு காவலாளி விசாரணையில் பொய்ச்சாட்சி சொல்கிறான். கதை முடிந்ததும், ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது? ஐந்து மதிப்பெண்’ என்று ஒரு கேள்வி. பொய் பேசலாகாது என்று கைடு பதில் சொல்கிறது. வருஷா வருஷம் வகுப்பு மொத்தமும் அதையே, கைடில் விழுந்த அச்சுப்பிழையோடு சேர்த்து எழுதித் தருவார்கள். அந்த மாதிரித் தாள்களைப் பத்தொன்பது வருஷம் திருத்திய கை அவருடையது. ஒருநாள் அந்தக் கேள்வியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிள்ளைகளையும் போடச் சொன்னார். பாடப்புத்தகத்தின் மேலேயே கோடு.

அதற்குப் பதிலாக அவர் இரண்டு கேள்வி வைத்தார். ஒன்று, வகுப்பில் பேசுவதற்கு: காவலாளியின் மகன் அந்தச் சாட்சியத்தைக் கேட்டபடி நின்றானே, வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் என்ன பேசியிருப்பான்? இதற்கு இரண்டு பீரியட் போதவில்லை. சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார், வந்த காரியத்தை மறந்து வாசலிலேயே பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ‘ஒண்ணும் பேசியிருக்க மாட்டான்’ என்று ஒரு கருத்தையும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது கேள்வி நோட்டில் தனியாக எழுதுவதற்கு: உனக்கு முதன்முதலில் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யார்? அது என்ன பொய்?

அந்த நோட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் படிக்க வேண்டாம் என்று நினைக்கிற பக்கத்தை நீளவாக்கில் உள்பக்கமாக மடித்துவிடலாம். மடித்ததை டீச்சர் பிரிக்க மாட்டார். மை தெரிகிறதா என்று பார்த்து, எழுதியதற்கு உண்டான மதிப்பெண்ணைப் போட்டுவிடுவார். கடைசி பெஞ்சில் ‘தொண்டை’ என்று ஒருத்தன். ஒரு பருவம் முழுக்க மடித்த பக்கங்களில் பதினேழாம் வாய்ப்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறான். பிறகு மனசாட்சி உறுத்தி அவனே வந்து சொன்னான். கொடுத்த மதிப்பெண்ணை டீச்சர் பிடுங்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அந்த ஏனுக்கு அவன் மூன்று பக்கம் எழுதினான்.

சட்டம் போட்டவரே அதில் ஒருமுறை மாட்டிக்கொண்டதும் உண்டு. ஃபேன் காற்றில் ஒரு மடிப்பு பிரிந்து, இரண்டு வரி கண்ணில் பட்டுவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் வகுப்பில் அவரே சொல்லிவிட்டார். தீர்ப்பு சொன்னவன் தொண்டை.

“படிச்சவங்க அதே கேள்விக்கு ஒரு பக்கம் எழுதணும் டீச்சர். அதை மடிக்கக் கூடாது.”

அந்த வாரக் கேள்வி பொறாமை பற்றியது. தன் சொந்தத் தங்கையின் மேல் தனக்கு இருந்த பொறாமையை டீச்சர் ஒரு பக்கம் எழுதி, வகுப்பறைப் பலகையில் ஒரு வாரம் குத்தி வைத்தார். ஆசிரியர் அறையில் அந்த வாரம் டீ அதிகமாகச் செலவானது.

வினை வந்தது பெயிண்ட் கடைக்காரர் ரூபத்தில். பெற்றோர் சங்கத் தலைவர் அவர். ஆயிரம் நிறம் கலக்கத் தெரிந்த கைக்கு ஒரு காகிதத்தை மடிக்கத் தெரியவில்லை. பேனா தேடுகிறேன் என்று மகளின் பையைத் திறந்தவர், அடுத்த கேள்விக்கு எழுத அவள் கொண்டுவந்திருந்த நோட்டில், பொய்க் கேள்விக்கு எழுதி மடித்திருந்த பக்கத்தைப் பிரித்துப் படித்தார். திரும்ப வைக்கும்போது வெளிப்பக்கமாக மடித்துவிட்டார். மகள் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் பேசினார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பேசினார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதபோது, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று வீதியில் நின்று அறிவித்தது அந்த அப்பனேதான்.

மூன்றாம் நாள் டீச்சருக்குத் தலைமையாசிரியரின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லா நோட்டுகளும் ஆய்வுக்காக அவர் மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் பதினோராம் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். டீச்சருக்கு ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் பயிற்சி.

வீட்டில் கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். ஒரு நிமிஷத் தாமதத்துக்குக்கூடக் காரணம் எழுதி வாங்குகிறவர்.

“குடுத்துட்டுப் போயேன். உனக்கு ஏன் இந்த வம்பு?”

“இப்பதான் சரியான கேள்வி கேட்டிருக்கீங்க” என்றார் டீச்சர். அன்று இரவு டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் வகுப்பு அவருக்கு வெறும் வேலை இல்லை. கைடு வாயால் பேசாமல் சொந்த வாயால் பேசும் நாற்பத்தொரு பேரைச் சேர்க்க அவருக்குப் பத்தொன்பது வருஷம் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் பீரோவின் அட்டையை உருவினார். அதிலிருந்த நாற்பது நோட்டுகளையும் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தார். உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும் என்றார். பிறகு வெறும் கையோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

பெயிண்ட் கடைக்காரர் அங்கே முன்பே உட்கார்ந்திருந்தார். மேஜைக் கண்ணாடியின் மேல், பாடவேளை அட்டவணையை மறைத்தபடி, அந்தப் பக்கத்தில் திறந்து வைத்த அவர் மகளின் நோட்டு. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்து வந்திருந்தார்.

“நோட்டெல்லாம் எங்கே டீச்சர்?” என்றார் தலைமையாசிரியர்.

“எழுதினவங்ககிட்ட இருக்கு சார்.”

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருக்கிற ஒரு நோட்டையாவது பார்ப்போம் என்று கையை நீட்டினார். டீச்சர் அந்தப் பக்கத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

“இது மடிச்ச பக்கம் சார். படிச்சா நீங்களும் ஒரு பக்கம் எழுதணும். வகுப்புச் சட்டம்.”

நீண்ட கை பாதியிலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பக்கத்து மேஜை எழுத்தர் எடுத்து, ரிசீவரைப் பொத்திக்கொண்டு, கல்வி அலுவலகத்திலிருந்து என்றார். தலைமையாசிரியர் பழக்க தோஷத்தில் கையை ஆட்டினார்: “நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லு.”

எழுத்தரும் பழக்க தோஷத்தில் அப்படியே சொல்லிப் போனை வைத்தார். டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பார்கள்.

“கேள்வி அதேதான் சார்” என்றார்.

பெயிண்ட் கடைக்காரர் நாற்காலியை முன்னே இழுத்தார். “அதுல என் பொண்ணு என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. மடிச்சிருந்துச்சு.”

“நான் சொல்றேன், கேளுங்க.”

“வேண்டாம். அவ சொல்லலை.”

டீச்சர் அந்தப் பக்கத்தை எழுத்தைப் பார்க்காமல், தடவித் தடவி, உள்பக்கமாக மடித்தார். “நீங்க படிச்சுட்டீங்க. அதனால நீங்க ஒரு பக்கம் பாக்கி” என்று சொல்லிவிட்டு, நோட்டை உரியவளிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கதை இங்கே ஜெயித்துவிட்டது என்று கைதட்ட வேண்டாம். திங்கட்கிழமையே பதினோராம் வகுப்பு அவர் கையை விட்டுப் போயிற்று. இப்போது அங்கே கைடு நடக்கிறது. ஏன் டீச்சர் ஆறாம் வகுப்பில், நான்கு கோட்டு நோட்டில் எழுத்தை அழகாக்கிக்கொண்டிருக்கிறார். அழகாக எழுதுவதற்கு ஏதாவது வாக்கியம் வேண்டுமே. ‘நேற்று நீ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி என்ன?’ என்று போர்டில் எழுதிப் போடுகிறார். மடிப்பதற்குப் பதினொரு வயதுக் கைகள் இன்னும் நேர்த்தி. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார். உள்ளே வருவதில்லை.

பெயிண்ட் கடைக்காரர் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பழைய நோட்டை இன்னும் பையில் வைத்திருக்கிறாள். மடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கேள்வியை எழுதி, மேலே ‘அப்பா’ என்று போட்டு, கோடிழுத்துக் காலியாக விட்டிருக்கிறாள். முதல் மாதம் அவர் கடையில் வேலை அதிகம் என்றார். அப்புறம் அரைப் பக்கம் போதுமா என்று கேட்டார். போன வாரம் அவள் இடைவேளையில் ஆறாம் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றாள்.

“டீச்சர், எழுதுறாராம். ஆனா மடிச்சுத் தரலாமான்னு கேக்கறார்.”

டீச்சர் யோசித்தார். படித்தவர் மடிக்கக் கூடாது என்ற சட்டம் அவர் போட்டதில்லை. தொண்டையைத்தான் கேட்க வேண்டும். கேட்டாள். அவன் கூடாது என்றுவிட்டான்.

பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.