நான்கு பேருக்கு மார்க் போட மூன்று வாரம்

போன சனிக்கிழமை ஒரு துண்டுக் காகிதத்தை ஞானம் டீச்சரிடம் கொடுத்தேன். நாலு பெயர். பக்கத்தில் நாலு மார்க். அவ்வளவுதான்.

வாங்கிப் பார்த்த டீச்சர் கேட்டார்கள். "இதுக்கா மூணு வாரம்?"

காரணத்தை டீச்சரிடம் சொல்ல முடியுமா? உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்...

எட்டாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருமுனையில் பெண்கள் டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் இருக்கிறது. ஞானம் டீச்சருக்கு அங்கேதான் வேலை. அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைசானியம்மா சீமைக்குப் போகும்போது ஒரு சின்ன சினிமா காமிராவை விட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்து நாலு மாணவிகள் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது கதை. பாக்கியம் எழுதினாள். எஸ்தர் தாயாக நடித்தாள். ஜெபமணி காமிரா பிடித்தாள். படம் எடுத்த இடம், எங்கள் வீட்டு அடுப்படி.

என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருஷம். மகள் வடக்கே நர்ஸ் வேலையில் இருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் எட்டு நாள் ஒரே கூச்சல், சிரிப்பு. என் பாத்திரங்களுக்கே உயிர் வந்தது போல இருந்தது.

கமலாவை விட்டுவிட்டேனே — சாத்தூர்ப் பெண். அடுப்படி இருட்டு. படத்தில் முகம் தெரியாது. அதனால் வெள்ளைப் படுக்கை விரிப்பை முற்றத்து வெயிலில் விரித்துப் பிடித்து, வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிட்டவள் அவள்தான். வெயில் நகர நகர அவளும் நகர்வாள். பத்து மணி முதல் இரண்டு மணி வரை, சுடும் கல்லில், வெறுங்காலோடு. படத்தில் அவள் விரல்கூடத் தெரியாது. அவள் இல்லையென்றால் படமே தெரியாது!

யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று மார்க் போடும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார்கள். எட்டு நாளும் கூட இருந்து பார்த்தது நான் ஒருத்திதானே? அதிக மார்க் வாங்குகிறவளை டீச்சர் மெட்ராசுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மற்ற ஸ்கூல்காரர்கள் முன்னால் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். நாலு பேரில் ஒருத்தியும் மதுரையைத் தாண்டியதில்லை.

அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு பேரும் வந்துவிடுவார்கள். ஹாஸ்டலை விட்டு வர டீச்சர் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார்கள். நான் சுக்குக் காப்பி போட்டு வைப்பேன்.

"பெரியம்மா, நான் அழுததை மறந்துராதீக. வெங்காயம்கூட இல்லாம அழுதேன்" என்பாள் எஸ்தர்.

"நான் காமிராவைத் திருப்பலைன்னா நீ அழுதது ஒன் தலகாணிக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்பாள் ஜெபமணி.

கதை இல்லாமல் எதற்கு அழுதிருப்பாய் என்று பாக்கியம் இருவரையும் மடக்குவாள். கமலா தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

யாருக்கு முதல் மார்க் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் சொல்லிவிட்டால்...? மறுநாள் யார் வருவார்கள்?

அதனால், "ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன், கர்த்தர் காட்டட்டும்" என்றேன். எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொல்லிவிட்டால் மறுபேச்சு வராது. அந்த மூன்று வாரமும் நான் எதற்கெல்லாமோ ஜெபம் பண்ணினேன். இதற்கு மட்டும் பண்ணவில்லை.

ஒரு நாள் கமலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எப்ப சொல்லுவீக பெரியம்மா? யாருக்குன்னாலும் சரி. எனக்குன்னா அப்பாவுக்கு லெட்டர் போடணும்."

அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

சனிக்கிழமை டீச்சர் என் காகிதத்தை மடித்தபடி சொன்னார்கள், "முதல் மார்க் கமலாவுக்குங்கிறது சரி. ஆனா வெளியூர் கூட்டிட்டுப் போக அவ அப்பா கையெழுத்து வேணும். திங்கக்கிழமை ரயிலு. சாத்தூருக்கு லெட்டர் போயி எப்ப வர? ஜெபமணி அப்பா உள்ளூர்லயே இருக்கார். அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பிள்ளையின் மெட்ராசை நான் சுக்குக் காப்பியில் கரைத்துக் குடித்திருக்கிறேன்! கையெழுத்து வாங்கி வந்தால் கமலாதான் என்று டீச்சரிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தவறவிட்ட முதல் ஆராதனை. கோயில் மணி அடிக்கும்போது சாத்தூர் பஸ்ஸில் இருந்தேன்.

கமலாவின் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "இம்புட்டு நாளு இருந்துச்சே, ஏன் முந்தியே சொல்லல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"வீட்டுல நான் ஒருத்திதான். சொல்லிட்டா பிள்ளைக வராதுக. அதான் சொல்லல" என்றேன்.

அவர் நான் நீட்டிய காகிதத்தை வாங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார், "எங்க வீட்டுல எட்டு உசுரு தாயி. ஆளில்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல."

திங்கட்கிழமை கமலா ரயிலேறினாள். மற்ற மூன்று பேருக்கும் இனி என் வீட்டில் வேலை இல்லை. மூன்று நாளாக ஒரு தம்ளர் காப்பிதான் போடுகிறேன்.

ஒன்று புரிந்தது. ஆள் வேண்டுமென்றால் வாய் திறந்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். காரியத்தை இழுத்து வைத்து வரவழைக்கக் கூடாது.

டிரெயினிங் ஸ்கூல் கேட் வரை இரண்டு தடவை போய்விட்டேன். உள்ளே போய்க் கூப்பிடத்தான் இன்னும் வாய் வரவில்லை.