இரண்டடித் தொட்டியில் ஒரு கறுப்பு மீன்

வீட்டுத் தொட்டியில் மீன் செத்துப்போனால் சொல்வதற்கு எங்கள் பக்கம் ஒரு பேச்சு தயாராக இருக்கும்: "நமக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கிருச்சு." ஜனங்களின் பேச்சு என்றால் எனக்கு உயிர். டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் சண்டை போட்டால், முடிவு தெரிய வேண்டுமே என்று இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு பேச்சைக் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் எரிகிறது. தண்ணீர் மாற்றாதவரும், ஒத்துவராத மீனைக் கொண்டுவந்து அடைத்தவரும் இதற்குப் பின்னால்தான் போய் ஒளிந்துகொள்கிறார்கள். கொன்றது நாம், தியாகிப் பட்டம் மீனுக்கு.

செல்லூரில் எங்கள் வீடு இரண்டு அறை. பீரோ என் அம்மா வீட்டுச் சீர். கட்டில் மாமியார் பார்த்து எடுத்தது. சுவரில் இருக்கும் பச்சைப் பெயின்ட், வீட்டு ஓனர் அடித்தது. நானாகத் தேடி, படித்து, காத்திருந்து கொண்டுவந்தது இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இருந்த நான்கு மீன்கள் மட்டும்தான்.

முதல் தடவை சிம்மக்கல் கடைக்குப் போனபோது, மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள் முட்டிக்கொண்டிருந்த ஒரு தொட்டியைக் கடைக்காரர் காட்டினார். "ஆப்பிரிக்கன் சிக்லிட் மீனு, அக்கா. கலந்து ஒரு பத்து போடுங்க, வீடே ஜொலிக்கும்." நான் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை எனக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்கா என்பது பெயருக்குத்தான்; அங்கே ஏரிக்கு ஏரி மீனின் குணம் வேறு. பாறைக்குப் பாறை எல்லை பிடித்து அடித்துக்கொள்கிற ஜாதிகளுக்கு நாலடித் தொட்டியே பற்றாது. இரண்டடிக்கு ஒத்துவருவது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு ஜாதி. காலி நத்தைக் கூட்டில் குடியிருக்கும், அதற்குள்ளேயே முட்டை போடும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த மாதிரிக் கடினத் தண்ணீர்தான் இவற்றுக்கு இஷ்டம்.

கடைக்காரர் வரவழைத்துத் தர மூன்று மாதம் ஆனது. அதற்குள் சோழவந்தான் பக்கம் அறுத்த வயல்களில் நத்தைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, பழைய சட்டியில் போட்டு வேகவைத்தேன். "இன்னைக்கு நத்தைக் கொழம்பா?" என்று கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஓர் ஆண், மூன்று பெண். வந்த அன்றே ஆளுக்கொரு கூட்டைப் பிடித்து மணலில் புதைத்துக்கொண்டன. ஐந்தாவது மாதம் ஒரு கூட்டின் வாயில் கடுகளவுக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகள். ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த வாரம்தான் திண்டுக்கல்லிலிருந்து நாத்தனார் வந்தார், கணவரின் அக்கா. கையில் தண்ணீர்ப் பை. உள்ளே விரல் நீளத்துக்கும் மேலே ஒரு கறுப்பு மீன்.

"ஏத்தா, நாலு மீனு ரெட்டைப்படை, ஆகாது. கறுப்பு ஒண்ணு இருந்தாத்தான் கண்ணு படாது. வார வழியில வாங்கினேன்."

"இது சண்டைக்காரப் பய மதினி. சேராது."

"கடைக்காரன்ட்ட கேட்டேன்ல. அதுவும் ஆப்பிரிக்காதானாம். ஒரே ஊர்க்காரய்ங்க எதுக்கு அடிச்சிக்கிறாய்ங்க?"

எங்கள் தெருவில் ஒரு வாரம் தங்கியிருந்தால் அந்தக் கேள்வி அவருக்கு வந்திருக்காது.

அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீடு தேடி வந்தவர் கொடுத்த சேலையை அவர் கண் முன்னால் ஒரு தடவையாவது உடுத்திக் காட்டுவோம் இல்லையா, அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறது. பையைப் பிரித்துத் தொட்டியில் விட்டேன். சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடுவார், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் மூன்று நாள் தங்கினார்.

மறுநாள் காலையில் ஒரு பெண் மீன் வால் கிழிந்து மிதந்தது. நாத்தனார் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். "வாங்கிக்கிருச்சு பாத்தியா" என்றார். அடுத்த நாள் இன்னொன்று. நான் அடுப்படியில் மாட்டியிருந்த வலையை எடுக்கப் போனேன். கணவர் அடுப்படிக்குள் வந்து குரலைத் தணித்தார். "அக்கா போகட்டும். ரெண்டு மீனுதானே?"

செத்தது இரண்டு. அவர் சொன்ன 'தானே'யில் நான் படித்த நாட்கள் எல்லாம் செத்தன.

அதற்கும் மறுநாள், அந்தக் கறுப்பன் குஞ்சுகள் இருந்த கூட்டின் வாயில் முகத்தை நுழைத்து மணலை வாரித் துப்பிக்கொண்டிருந்தான். கடுகுக் கண்கள் ஒன்றையும் காணவில்லை. தாய் கூட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. ஆண் மீன் செட்டை கிழிந்து மூலையில் கிடந்தது.

"எம்புட்டு திஷ்டி இருந்திருக்கு இந்த வீட்டுல! உங்களுக்கு வரவேண்டியதையெல்லாம் இதுக வாங்கிக்கிருச்சு."

"எங்களுக்கு ஒண்ணும் வரலை மதினி. நீங்கதான் வந்தீங்க."

நான் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். கறுப்பன் கூடுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தப்பினான். ஒவ்வொரு கூடாகப் பிடுங்கி வாளியில் போட்டுத்தான் அவனைப் பிடிக்க முடிந்தது. பையில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, ரப்பர் போட்டு நாத்தனார் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "ஒரு மீனுக்காக என்னய வெரட்டுறா ஒம் பொண்டாட்டி" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினார். பாவம், அந்தக் கறுப்பன் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டடிக்குள் அவனை விட்டது நான்.

கூடுகளைத் திரும்ப வைக்கும்போதுதான் உறைத்தது. எது எந்த இடத்தில் இருந்தது, எது யாருடையது என்று பார்க்காமலே பிடுங்கியிருக்கிறேன். கோபத்தில் நானும் அந்தக் குடும்பத்தைக் கலைத்திருக்கிறேன். தாய் மீன் மத்தியானம் வரை ஒவ்வொரு கூட்டு வாயிலும் போய் நின்று, திரும்பி, அடுத்ததுக்குப் போனது. கடைசியில் ஒன்றுக்குள் புகுந்துகொண்டது. அது அதன் பழைய கூடுதானா, தெரியாது. குஞ்சுகளை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

"அக்காவுக்கு ஒரு போனைப் போட்டுப் பேசிரு" என்கிறார் கணவர், தினமும். போட வேண்டும்தான். இன்றைக்கு என்னால் முடியாது.