மகனின் வாயில் வைக்காத பொய்

மொன்றியாலில் தமிழருக்கென்று மோர்மன் சபை ஒன்றைத் தொடங்கியவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோட்-டெ-நெய்ஜில் இருந்த எங்கள் இரண்டறை வீட்டில் பதினொரு பேரோடு முதல் ஞாயிறு ஆராதனையை நடத்தினேன். நாற்காலி இல்லை, நான் வேலை செய்த சந்தையிலிருந்து ஆப்பிள் பெட்டிகளைச் சுமந்து வந்து இருக்கையாக்கினேன். பாட்டுகளைத் தமிழாக்கினேன், இராகத்துக்கு இடித்த சொற்களை நானே வெட்டினேன். சைவச் சனம் ‘வேதக்காரன்’ என்று சிரித்தது. மற்றச் சபைகளின் வேதக்காரரோ, எங்களைக் கிறிஸ்தவர்களே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியே நாற்பது பேரைச் சேர்த்தேன். படித்தவன் எவனும் இதைச் செய்யவில்லை.

அதையும் விடப் பெரிதாக நான் ஆளாக்கியது என் ஒரே மகனை. பன்னிரண்டு வயதில் அவனைத் தண்ணீரில் அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுத்தவை இந்தக் கைகள். பத்தொன்பதில் இரண்டு வருட ஊழியத்துக்குப் பிரான்சுக்குப் போனான். எங்கள் வழக்கப்படி வருடத்தில் இரண்டு நாள்தான் தொலைபேசியில் பேசலாம். மனைவி பேசி முடிக்கும்வரை நான் குசினியில், அடுப்படியில் நிற்பேன். என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

எங்கள் சபையில் சாராயமும் புகையும் மட்டுமல்ல, கோப்பியும் தேநீரும் விலக்கு. சாராயத்தையும் சுருட்டையும் ஒரே நாளில் விட்டேன். தேநீரை விட முடியவில்லை. ஜான்-டலோன் சந்தையில் மைனஸ் இருபதில் பெட்டி இறக்குகிறவனுக்கு விரல் மடியாது. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுவந்து நீட்டுவான்.

“குடியுங்கோ அண்ணை. உங்கட கடவுள் இந்தக் குளிருக்க வாறேல்லை. எங்கட பிள்ளையார் எண்டால் மோதகத்தோட பிளேன்ரீயும் கேப்பார்.”

குடித்தேன். தினமும் குடித்தேன்.

அப்போது எங்கள் மோர்மன் கோவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். எங்களுக்கு மேலுள்ள சபை மேற்பார்வையாளர் தனியே இருத்தி, விலக்குகளைக் கடைப்பிடிக்கிறாயா என்று கேட்பார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிச் சீட்டை வாங்கிவந்தேன். எத்தனையோ வருடம்.

ஊழியம் முடிந்து திரும்பிய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சடங்கு அந்தக் கோவிலுக்குள். சீட்டு இல்லாதவர் தகப்பனானாலும் வாசலோடு சரி. என் சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளருக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். மொழிபெயர்க்க மகன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேநீர்க் கேள்வி வந்தது. நான் மகனின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்பா, விளங்கேல்லையோ? தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறனீங்களோ எண்டு கேக்கிறார்.”

“விளங்கினது. குடிக்கிறன்.”

“எப்ப குடிச்சனீங்கள்?”

“இண்டைக்குக் காலமையும்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு அப்பா. இவ்வளவு நாளும் சொல்லாததை இப்ப ஏன் சொல்லுறியள்?”

பிறகு அவன் நான் சொன்னதைச் சொன்னபடியே பிரெஞ்சில் சொன்னான். ஒரு சொல்லையும் அவன் மாற்றவில்லை என்பது மேற்பார்வையாளரின் முகத்தில் தெரிந்தது.

கல்யாணத்தன்று மனைவி உள்ளே போனாள். சீட்டுக் கிடைக்காத நான் கோட்டும் சூட்டுமாக வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் கேட்டேன்:

“என்ன நடந்தது?”

“உள்ள நடந்ததை வெளியில கதைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பிச்சனீங்கள்.” என் கழுத்துப்பட்டியை நேராக்கினாள். “வடிவாயிருந்தவன். அவ்வளவுதான்.”

மகன் தன் மனைவியோடு அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டான். சபையின் பத்தாண்டு மலருக்குத் தன் வாழ்க்கையை எழுதி அனுப்பினான். ‘என் விசுவாசம் அம்மா தந்தது’ என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரே வரி: ‘சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னர் தகுதி இழந்தார்.’ அதை மூன்று தரம் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

மகனே, அன்று ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் நீ அதை மொழிபெயர்த்திருப்பாய். நானும் உள்ளே நின்றிருப்பேன். என் பொய்யை நான் எத்தனை வருடமும் சுமப்பேன். அதை உன் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ பொய் கலக்காமல் அந்தக் கோவிலுக்குள் போனாய். அதில் என் பங்கு இருக்கிறது. அடுத்த மலரில் அதை எழுது. அம்மாவின் பெயருக்குக் கீழே போட்டாலும் சரி, என் பெயரைப் போட்டு எழுது.