தமிழில் இல்லாத ஒரு வரி

என் அண்ணி வெற்றிலை போடுபவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த இரண்டு வருடங்களில் நாங்கள் போய் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவரிடம் முதலில் கேட்கப்பட்டது அதுதான்.

அவர் என் அண்ணனின் மனைவி. ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவள்தான். படித்து முடித்து, இப்போது டவுன் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே போவேன். அப்படிப் போன ஒரு நாள், அண்ணி கடித்த ரொட்டியைப் பாதியில் தட்டில் வைத்தார். கடித்த இடத்தில் இரத்தம்.

"எத்தன நாளா அண்ணி இப்படி?"

"அது கெடக்குது விடு. மொதல்ல பல்லு வெளக்கும்போது வரும். இப்ப திங்கும்போதும் வருது."

தோட்டத்து மருந்துக் காம்பராவில் காட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெத்தலய நிப்பாட்டு, உப்புத் தண்ணியில கொப்புளி" என்று அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு மூலிகைக் கம்பனி வந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் அந்தக் களத்திலேயே மேசை போட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளைஞர் நல்ல தமிழில் பேசினாராம். "இது கத்தாழையில செஞ்ச ஜெல். காலையிலயும் படுக்கப் போறப்பயும் ஈறுல தடவுங்க. ரத்தம் நின்னுரும்." ஆளுக்கொரு டியூப் கொடுத்தார்கள். கையில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அத்தனை பெண்கள் நின்ற அந்தக் களத்தில் ஒருவருடைய வாயைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

அண்ணி எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்பவர். ஒரு வேளை தவறாமல் தடவினார். அண்ணன் விரலைச் சுட்டுக்கொண்டு வந்து அந்த ஜெல்லைக் கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. சில வாரங்களில் இரத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. "பாத்தியா, எப்படி இருக்குன்னு!" என்று உதட்டை விரித்துக் காட்டினார். எனக்கும் சந்தோஷம். முதல் டியூப் தீர்ந்ததும் டவுன் பார்மசியில் நானே வாங்கிக்கொண்டு போனேன். அது தீர்ந்ததும் இன்னொன்று. அந்தப் பெட்டிகள் எல்லாம் என் கைப்பையில்தான் மலை ஏறின.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அண்ணன் போன் பண்ணினார். அண்ணியின் தாடை வீங்கியிருந்தது. கீழ்வரிசை முன்பற்கள் நாக்கு பட்டாலே ஆடின. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பல் பிரிவின் முன்னால் போட்டிருந்த வாங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

டொக்டரம்மா சிங்களவர். அண்ணி நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, "புலத் கனவத?" என்று கேட்டார். வெற்றிலை போடுவாயா என்று. அண்ணிக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். "நே" என்றார். டொக்டரம்மா நம்பாத மாதிரிப் பார்க்கவும், இன்னும் இரண்டு தடவை "நே, நே" என்றார்.

வாயைப் பார்த்த பிறகு டொக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. இதுவரை என்ன மருந்து போட்டீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"இது கெட்ட சாமான் இல்லை. நாங்களும் சிலருக்கு இந்த மாதிரி ஜெல் கொடுப்போம். ஆனால் முதலில் ஈறுக்கு அடியில் பல்லில் கட்டியிருக்கும் கல்லை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இது அதோடு சேர்த்துப் போடுவது. அதற்குப் பதிலாகப் போடுவது இல்லை" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். பல் மருத்துவர் சுத்தம் செய்யும் சிகிச்சையுடன் சேர்த்து மட்டும் பாவிக்கவும் என்று அதில் இருந்தது. சிங்களத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. தமிழில் இல்லை. அந்தப் பெட்டி முழுவதும் தேடினால் தமிழில் இருந்தது ஒரே ஒரு சொல். 'மூலிகை'. அதையும் பிழையாக அச்சடித்திருந்தார்கள்.

டொக்டரம்மா இன்னும் ஒன்று சொன்னார். மேலே இரத்தம் நின்றதால் உள்ளே நோய் நிற்கவில்லை. அது எலும்பைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. "இரத்தம் வந்துகொண்டே இருந்திருந்தால் நீங்கள் எப்போதோ இங்கே வந்திருப்பீர்கள்."

"என்னா சொல்றாங்க?" என்று அண்ணி கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தாளுல எந்த எழுத்துல போட்டிருக்கு?"

"சிங்களத்துல."

"ஒனக்குத்தான் சிங்களம் வாசிக்கத் தெரியுமே."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. சும்மாதான் கேட்டார். நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவள் நான். அத்தனை பெட்டிகளைக் கையில் தூக்கியவள். ஒன்றையாவது பிரித்து அந்தத் தாளை வாசிக்கவில்லை. அந்தக் கம்பனி மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் பாதி என் மேல் உள்ளதுதான். மீதிப் பாதியே அவர்களுக்குத் தாங்காது.

வீக்கம் வற்ற மருந்து கொடுத்து, அடுத்த வாரம் ஆடிய முன்பற்களில் மூன்றைப் பிடுங்கினார்கள். மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்ய நான்கு தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு நிற்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, "பல்லு கழுவுறதுக்கும் லீவா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டாராம். கல்லெல்லாம் எடுத்த பிறகு டொக்டரம்மா அதே மாதிரி ஒரு கற்றாழை ஜெல்லை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, ஈறுக்குள் இருந்த பள்ளங்களில் தன் கையாலேயே வைத்தார். இப்போது அண்ணியின் ஈறு இறுகியிருக்கிறது. ஜெல்லில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாமல் இருக்கிறது. ஒரு நல்ல மருந்தைக் கொடுத்து, பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள் அண்ணி போன் பண்ணி, அந்தக் கம்பனிக்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள் என்றார். நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே களம். பேசிக்கொண்டிருந்தவரும் அதே வெள்ளைக் கோட்டு இளைஞர்தான் என்று அண்ணி சொன்னார்.

"தம்பி, ஒரு நிமிசம். பெட்டிக்குள்ள இருக்குற தாள இவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

"மிஸ், நாங்க விழிப்புணர்வுக்கு வந்திருக்கோம். இது மூலிகை. பக்கவிளைவே இல்ல."

அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்தார். "அப்ப இதுக்கு என்னாங்க பேரு?"

அந்த ஆள் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அம்மா, வெத்தல போடுவீங்களோ?"

என் கை தானாக எழுந்தது. அண்ணிதான் பிடித்துக்கொண்டார். நான் மேசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தேன். தாளில் இருந்த அந்த வரியைத் தமிழில் கத்திச் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு தடவை கத்தினேன். சில பெண்கள் டியூபைத் திருப்பி மேசையில் வைத்தார்கள். சிலர், "சும்மா குடுக்குறத ஏன் வேணாங்கணும்" என்று இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் என்னிடம் வந்து, "மிஸ், நீங்க வெளியாள். தோட்டத்துக்குள்ள வந்து சத்தம் போடக்கூடாது" என்றார். நான் பிறந்த காம்பரா அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது.

அதன் பிறகு அண்ணி சும்மா இருக்கவில்லை. லயம் லயமாகப் போய், "மொதல்ல கல்ல எடுக்கணும், அப்புறந்தான் ஜெல்லு" என்று சொல்லி ஒன்பது பேரைச் சேர்த்தார். ஒரு வாடகை வேனில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தார்கள். சிங்களத்தில் பேச நானும் போனேன். ஐந்து பேரைப் பார்த்தார்கள். நான்கு பேருக்குத் தேதி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். டொக்டரம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இத்தனை தோட்டங்களுக்கும் சேர்த்து அங்கே ஒரே ஒரு நாற்காலி. அந்தக் கோபத்தை எந்த முகத்தைப் பார்த்துக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

தேதி கிடைத்தவர்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, தேதி எழுதிய துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.

"அதுவரைக்கும் என்னா செய்றது மிஸ்? ஜெல்லு போடவா, வேணாமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல இனி எனக்கு வாய் வராது. "வா, உள்ள போய் டொக்டரம்மாகிட்டயே கேட்டுருவோம்" என்றேன். கதவில் நின்றவர் சாப்பாட்டு நேரம் என்று தடுத்தார். நாங்கள் அங்கேயே நின்றோம்.